கோபுரம் தெரியும் அறை

சொந்தத் தம்பி குடியிருக்கும் ஊருக்குச் சென்று, அங்கே விடுதியில் அறை எடுத்துத் தங்குவது முறையாகுமா? சென்ற மாதம் எங்கள் குடும்பத்தில் எழுந்த கேள்வி இது. மூன்று வார காலம் இரு வீடுகளையும் ஒரு கலக்கு கலக்கிவிட்டது. குடும்ப விஷயத்தை இந்தப் பக்கத்தில் எழுதலாமா என்று முதலில் தயங்கினேன். என் வயதை ஒத்த வாசக அன்பர்கள் பலரும் தள்ளாத பெற்றோரையோ, தள்ளாத தங்கள் உடம்பையோ சுமந்துகொண்டு தலயாத்திரை போகிறவர்கள் என்பதால், எழுதினால் யாருக்காவது உதவும் என்று துணிந்தேன்.

என் தாயாருக்கு எண்பத்தாறு வயது. சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாக்கரின் துணையோடு வீட்டுக்குள் நடமாடி வருகிறார்கள். எதையும் வேண்டும் என்று கேட்டறியாதவர்கள். அப்படிப்பட்டவர்கள் ஒரு நாள் காலை, காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “ஒரு தடவை பள்ளியறை பார்த்துட்டு வந்துடலாமாடா?” என்றார்கள். எந்தக் கோயில் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பள்ளியறை என்றால் மதுரை மீனாட்சியம்மன் கோயில் பள்ளியறைதான்.

காரணம் உண்டு. என் தந்தையார் தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் நாங்கள் வசித்தோம். காலையில் கடை திறக்குமுன் போக வேண்டும். இரவு கல்லாக் கணக்கு நேரான பிறகே வெளியே வரலாம். திருவனந்தல் முதல் அர்த்தஜாமம் வரை கோயிலில் நாள் முழுவதும் எத்தனையோ கால பூஜைகள் நடந்தாலும், என் பெற்றோர் இருவரும் சேர்ந்து காணக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். கடை அடைத்துவிட்டு அப்பா நேராகக் கோயிலுக்கு வந்துவிடுவார். அம்மா எங்களை அழைத்துக்கொண்டு அம்மன் சந்நிதிக்குப் போய்க் காத்திருப்பார்கள். சுவாமி சந்நிதியிலிருந்து சொக்கநாதரின் திருவடிகள் பல்லக்கில் எழுந்தருளி அம்மன் சந்நிதிக்கு வரும். பாதிப் பூஜையிலேயே தம்பி அப்பாவின் தோளில் தூங்கிவிடுவான். எனக்கு நினைவில் இருப்பது சாம்பிராணிப் புகையும், அப்பாவின் சட்டையில் இருந்த புதுத்துணிக் கஞ்சி வாசனையும்தான்.

இதையெல்லாம் எண்ணிப் பார்த்த பிறகு, போவதா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. எப்படிப் போவது என்பது மட்டுமே மிச்சம்.

தம்பி திருநகரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். வசதியான வீடு. அம்மாவுக்கென்று கீழ்த்தளத்திலேயே ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறான். ஆனால் கோயிலுக்கும் அவன் வீட்டுக்கும் இடையே எட்டு, பத்துக் கிலோமீட்டர் தூரம். மதுரைப் போக்குவரத்தில் அதைக் கடக்க நாற்பது நிமிடம் ஆகும், சில நேரம் ஒரு மணியும் ஆகும். பள்ளியறை முடிந்து வெளியே வர இரவு பத்து மணியாகிவிடும். மறுநாள் விடியற்காலைத் தரிசனமும் வேண்டுமென்றால் நான்கு மணிக்கு எழுந்து மறுபடியும் அதே பயணம். இடுப்பில் உலோகத் தகடு வைத்திருக்கும் ஒருவரை ஒரே நாளில் நான்கு முறை காரில் ஏற்றி இறக்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் குப்பை கொட்டியவனுக்குக் கணக்கு தானாகவே வந்துவிடுகிறது. கணினியைத் திறந்தேன், கோயிலுக்கு நடக்கும் தூரத்தில் ஒரு விடுதியில் இரண்டு அறைகளைப் பதிவு செய்தேன், பணத்தையும் கட்டிவிட்டேன். பிறகுதான் தம்பிக்குத் தொலைபேசினேன்.

கணக்கு சரியாகவே இருந்தது. செய்த வரிசைதான் தவறு. முதலில் அவனிடம் பேசியிருக்க வேண்டும். கடனை அனுமதித்துவிட்டு விண்ணப்பத்தை வாங்குவது போன்ற காரியத்தை, பணிக்காலத்தில் ஒருபோதும் செய்யாத நான், சொந்த வீட்டு விஷயத்தில் செய்தேன்.

தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். “சரிண்ணே, உங்களுக்கு எது சௌகரியமோ அப்படியே செய்யுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். இரண்டு நாள் கழித்து அவன் மனைவி என் மனைவியிடம் பேசியபோது, “அத்தை லாட்ஜில தங்கியிருக்காங்கன்னு தெரு முழுக்கத் தெரிஞ்சா நாங்க எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது?” என்று கேட்டாளாம். அதில் அழுகையும் கலந்திருந்தது என்றாள் என் மனைவி. அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஆனாலும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. “ஏண்டா, அவன்கிட்ட முதல்ல சொல்லியிருக்கக் கூடாதா?” என்று ஒரே ஒருமுறை கேட்டார்கள்.

யாத்திரிகர் தங்குமிடம் என்பது நம் தேசத்தில் புதிய விஷயமன்று. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாளின் பெயரால் விளங்கும் சத்திரத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்த புண்ணியவதி என்று இன்றும் தென்பாண்டி நாடு அவரைப் பேசுகிறது. ரயிலும் காரும் இல்லாத நாளில் நடந்தும் வண்டி கட்டியும் வந்தவர்களுக்குத் தலை சாய்க்க ஒரு திண்ணை, குடிக்க நீர், சமைக்க ஓர் அடுப்பு போதுமானதாக இருந்தது. நம் பாட்டனார் காலத்தில் உறவினர் இருக்கும் ஊரில் சத்திரத்தில் தங்கினால் அது உறவு முறிந்ததற்கு அடையாளம். அந்த எண்ணம் இன்னும் நம் இரத்தத்தில் இருக்கிறது. தம்பியின் மனைவியிடம் வெளிப்பட்டது அதுதான். அதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

விடுதியைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மதுரையின் அமைப்பு யாத்திரிகருக்கு மிகவும் அனுகூலமானது. கோயிலை நடுவில் வைத்து, மதிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கப்பால் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக நகரம் விரிகிறது. சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மேற்கே வெளி வீதியை ஒட்டி ரயில் நிலையம். ஆகவே ரயில் நிலையத்துக்கும் மேலக் கோபுரத்துக்கும் இடைப்பட்ட டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, மேல மாசி வீதிப் பகுதிகளில் தங்கினால் இரண்டுமே அருகில் அமைந்துவிடும். நாங்கள் தங்கியதும் அந்த வட்டாரத்தில்தான்.

விடுதிக்காரர்களிடம் தொலைபேசியில் நான் கேட்ட முதல் கேள்வி வாடகையைப் பற்றியதன்று. தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படிகள் என்பதே. பல விடுதிகளில் லிஃப்ட் இருக்கும், ஆனால் அந்த லிஃப்டை அடைவதற்கு முன் ஐந்து படிகள் இருக்கும். இரண்டாவது கேள்வி, குளியலறைக்குள் நுழையும் இடத்தில் படி உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்பது. கம்பி இல்லை என்றார்கள். அதற்காக அம்மாவின் வாக்கரையே உள்ளே கொண்டுபோகும் அளவுக்குக் கதவு அகலமா என்று கேட்டேன். எதிர்முனையில் பேசிய இளைஞர் சற்று நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நிஜமாகவே போய் அளந்து வந்து சொன்னார். அந்த ஒரு செயலுக்காகவே அங்கே பதிவு செய்தேன்.

மூன்றாவது, அறையைக் காலி செய்யும் நேரம். சென்னையிலிருந்து இரவு புறப்படும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மதுரையை அடைகிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு அறையை ஒப்படைக்கும் முறை உள்ள விடுதியானால், ஐந்தரை மணிக்குச் சென்று நிற்பவரிடம் முந்தைய நாள் வாடகையையும் கேட்பார்கள், அல்லது கூடத்தில் உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள். நுழைந்த நேரத்திலிருந்து இருபத்துநான்கு மணி நேரம் என்ற பழைய வழக்கத்தை இன்னும் கைவிடாத விடுதிகளும் இருக்கின்றன. கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். வாடகையோடு ஜி.எஸ்.டி. சேரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு ஒரு காலத்தில் அந்த வரி இல்லாதிருந்தது, 2022 ஜூலையிலிருந்து அவற்றுக்கும் உண்டு. தங்குபவர் அனைவரின் ஆதார் அட்டையையும் கேட்பார்கள். அம்மாவுடைய அட்டையை எடுத்துவர மறந்துவிட்டு, என் மருமகள் கைப்பேசியில் படம் வைத்திருந்ததால் தப்பித்தோம்.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர் கூட்டத்தில் மதுரை நிரம்பி வழியும். சித்திரைத் திருவிழாவிலோ கேட்கவே வேண்டாம். கூட்டமில்லாத வாரநாள் இரண்டைப் பார்த்து நானும் மனைவியும், மகன், மருமகள், ஏழு வயதுப் பேரன் ஆகியோரும் அம்மாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

இனி விடுதிக்காரர் மீது எனக்குள்ள மனத்தாங்கல். “கோபுர தரிசனம் கிடைக்கும் அறை” என்று அவர்களுடைய விளம்பரத்தில் இருந்தது. அதற்காக முந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தேன். படுக்கையில் படுத்தபடியே அம்மா கோபுரத்தைப் பார்க்கலாம் என்று ரயிலில் வரும்போதே சொல்லியும் வைத்திருந்தேன். இரண்டாம் மாடியில் 203-ஆம் அறையின் திரையை விலக்கினால், எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுண்ணாம்பு அடிக்காத சுவர். அதில் குளிர்சாதனப் பெட்டிகள் நான்கு. சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே உள்ள கையகல இடைவெளியில் தலையைச் சாய்த்துப் பார்த்தால் ஏதோ ஒரு கோபுரத்தின் கலசம் ஒன்று தெரிந்தது. வரவேற்பில் கேட்டபோது, “மொட்டை மாடியிலிருந்து எல்லாக் கோபுரமும் தெரியும் சார்” என்றார்கள். லிஃப்ட் நான்காம் மாடி வரைதான். அதற்கு மேல் குறுகலான பதினெட்டுப் படிகள். முந்நூறு ரூபாயைக் கழித்துவிடச் சொன்னேன். மேலாளர் வந்ததும் பார்க்கலாம் என்றார்கள். மேலாளர் வரவே இல்லை.

அம்மா அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லடா, அவ பக்கத்துல இருக்கான்னு தெரியுதில்ல” என்றார்கள்.

காலையில் அம்மா ரயில் அலுப்பில் தூங்கிய இரண்டு மணி நேரத்தில், மருமகளைத் துணைக்கு வைத்துவிட்டு நானும் மனைவியும் நடந்தே மேல மாசி வீதியிலுள்ள இம்மையில் நன்மை தருவார் கோயிலுக்குப் போய்வந்தோம். சிவபெருமானே சிவலிங்கத்தைப் பூஜிக்கும் அபூர்வத் தலம் அது. பூஜிப்பவர் நம்மைப் பார்த்து வீற்றிருப்பதால், லிங்கத்தின் பின்புறத்தையே நாம் தரிசிக்கிறோம். அதே வீதியில் மதனகோபால சுவாமி கோயில். அங்கிருந்த கற்றூண்கள் 1912-இல் ஓர் அமெரிக்கப் பெண்மணியால் வாங்கப்பட்டு, இன்று ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் மண்டபமாக நிற்கின்றன. அவற்றை விற்க மனம் வந்தது யாருக்கோ, தெரியவில்லை. பெருமாள் வீற்றிருந்தும் நின்றும் கிடந்தும் மூன்று தளங்களில் சேவை சாதிக்கும் கூடலழகர் கோயிலும் அதிக தூரமில்லை. ஆனால் அங்கே படியேற வேண்டும், என் முழங்காலும் அன்று சம்மதிக்கவில்லை.

பகலில்தான் விடுதியின் அருமை தெரிந்தது. காலை பதினொரு மணிக்கு அம்மாவை அழைத்துப் போய் அம்மனை வணங்கிவிட்டுத் திரும்பினோம். பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கிறார்கள். இந்த மூன்றரை மணி நேரத்தை முதியவர்கள் எங்கே கழிப்பது? வெளியூரிலிருந்து வேனில் வந்து, கடை வாசலிலும் மர நிழலிலும் செருப்பைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துக் கிடக்கும் மூதாட்டிகளை வழியெல்லாம் பார்த்தேன்.

இன்னொன்றையும் வெளிப்படையாக எழுதிவிடுகிறேன். நம்மில் பலருக்குச் சர்க்கரை உண்டு, இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் உண்டு. கோயிலுக்குப் போகும் நாளில் வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்ற அச்சத்தால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள், அந்த மாத்திரையை விழுங்காமல் விடுபவர்கள் எத்தனை பேர்! அம்மாவும் அப்படிச் செய்பவர்கள்தான். ஒருமுறை ஒரு தலத்தில் வரிசையில் நின்றபடியே மயங்கிச் சரிந்திருக்கிறார்கள். பக்திக் குறைவு வந்துவிடும் என்று யாரும் இதைப் பேசுவதில்லை. அன்று அறை பத்து நிமிடத் தூரத்தில் இருந்ததால், அம்மா மாத்திரையையும் விழுங்கினார்கள், தண்ணீரும் குடித்தார்கள். என் கணக்கில் முந்நூறு ரூபாய் நஷ்டம் இதில் நேராகிவிட்டது.

மாலை ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. தம்பி நின்றான். ஒரு கையில் மடக்கிய சக்கர நாற்காலி, தெரிந்த மருத்துவமனை ஒன்றிலிருந்து இரவல் வாங்கியதாம். பின்னால் அவன் மனைவி, நான்கு அடுக்கு டிபன் கேரியரோடு. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேரே அம்மாவிடம் போய்க் காலடியில் உட்கார்ந்துகொண்டான். “ஹோட்டல் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்காதும்மா” என்றான். மருமகளும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில் அரைக் கோபம் கரைந்தது. மீதி என்னிடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

என் பேரன்தான் அந்த இறுக்கத்தை உடைத்தான். அவன் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு ஓடிவந்து, “கோபுரம் ஒன்பதுதான் இருக்கு, தாத்தா பதினாலுன்னு பொய் சொன்னாங்க” என்றான். அம்மா சிரித்தார்கள். “பதினாலுதாண்டா. சிலது மறைஞ்சிருக்கும். நான் வந்து காட்டறேன்னா படி ஏற முடியாதே” என்றார்கள்.

தம்பி என்னைப் பார்த்தான். வந்ததிலிருந்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது. “அண்ணே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேளுங்க. கை வெச்ச நாற்காலியா.”

நான்காம் மாடி வரை லிஃப்டில். அதன் பிறகு நாற்காலியின் முன்கால்களைத் தம்பியும் என் மகனும், முதுகுப் பக்கத்தை அறைகளைக் கவனிக்கும் இரு பையன்களும் பிடித்துக்கொண்டார்கள். நான் பின்னால் நின்று, “மெதுவா, மெதுவா” என்று சொல்வதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அறுபத்தொரு வயதில் தம்பிக்கு ஒவ்வொரு படிக்கும் மூச்சு வாங்கியது. எட்டாவது படியில் நிறுத்தி இளைப்பாறினார்கள். அந்தப் பையன்களில் ஒருவர், கதவை அளந்து சொன்ன அதே இளைஞர் என்பது பிறகுதான் தெரிந்தது. இரவில் அவர் கையில் கொஞ்சம் பணம் வைக்கப் போனேன். “பாட்டிகிட்ட ஆசீர்வாதம் வாங்கிட்டேன் சார்” என்று மறுத்துவிட்டார்.

மேலே போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சட்டைகளும் போர்வைகளும் காயும் கொடிகளுக்கு அப்பால் நான்கு ராஜகோபுரங்களும் மேற்கு வெயிலில் நின்றன. உயரமான தெற்குக் கோபுரத்தைத் தம்பி சுட்டிக்காட்ட, அம்மா விரல்விட்டு எண்ணிப் பேரனுக்குக் காட்டினார்கள். பதினொன்று வரைதான் வந்தது. மற்றவை மறைந்திருக்கும் இடங்களையும் கையால் காட்டினார்கள். பேரன் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு அம்மா வடக்கே திரும்பி, நெருக்கமான கூரைகளுக்கு நடுவே எதையோ தேடினார்கள். எங்கள் பழைய வீடு இருந்த இடம் அந்தப் பக்கம்தான். இப்போது அங்கே நான்கு மாடிக் கடை. நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

இரவு எட்டரைக்குப் புறப்பட்டோம். 2018-இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் நேர்ந்த தீ விபத்துக்குப் பிறகு கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுசெல்ல அனுமதியில்லை என்பதால், எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டோம். இதுவும் அருகில் தங்குவதில் உள்ள ஒரு நிம்மதி. சித்திரை வீதியில் வண்டிகள் வராததால் சக்கர நாற்காலி தடையின்றி உருண்டது. தம்பி தள்ளினான். நான் தள்ளுகிறேன் என்று இருமுறை சொல்லிப் பார்த்தேன். கொடுக்கவில்லை. வாசற்படிகள் வந்த இடங்களில் மட்டும் அவனும் என் மகனும் தூக்கிக் கடத்தினார்கள்.

அம்மன் சந்நிதியில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் மற்றவர்களின் முதுகுதான் தெரியும் என்பதை நான் முன்பே எண்ணிப் பார்க்கவில்லை. வாத்தியம் கேட்டது, பல்லக்கு வருவதாக ஒரு சலசலப்பு. அம்மா வாக்கர்கூட இல்லாமல் இரு கைப்பிடிகளையும் ஊன்றி எழுந்திருக்க முயன்றார்கள். நான் தடுக்கப் போனேன். தம்பி அதற்குள் பின்னால் போய், அம்மாவின் இரு அக்குளுக்கடியிலும் கைகொடுத்துத் தூக்கி நிறுத்திவிட்டான். முன்னால் நின்ற ஓர் அம்மையார் திரும்பிப் பார்த்து விலகி வழிவிட்டார். பல்லக்கு எங்களுக்கு மிக அருகில் கடந்து போனது. அம்மா நின்றது ஒரு நிமிடம் இருக்கலாம். கை கூப்பவில்லை, கூப்பினால் விழுந்துவிடுவோம் என்ற பயமாக இருக்கலாம். உதடுகள் மட்டும் அசைந்தன. பல்லக்கு உள்ளே போனதும் கால்கள் நடுங்க உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகு நடந்த தீபாராதனையை அவர்களால் பார்க்க முடியவில்லை. முதுகுகளுக்கு மேலே எழுந்த வெளிச்சத்தை மட்டும் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில், “தீபாராதனை தெரியலையேம்மா” என்றேன். “அப்பாவும் பாதி நாள் பல்லக்கோட சேர்ந்துதான் ஓடி வருவார், அதுக்குள்ள முடிஞ்சிடும்” என்றார்கள்.

இரவு தம்பியின் மனைவி ஆட்டோவில் வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி போகவில்லை. அம்மாவின் கட்டிலுக்குக் கீழே, அறைப் பையன் கொண்டுவந்த ஜமுக்காளத்தை விரித்துப் படுத்துக்கொண்டான். கூடுதல் ஆளுக்குக் கட்டணம் உண்டு என்று வரவேற்பிலிருந்து தொலைபேசி வந்தது. போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். விளக்கை அணைத்த பிறகு இருட்டில் அவன் குரல் கேட்டது.

“ஏண்ணே, முதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே இங்கதான் ரூம் போடச் சொல்லியிருப்பேன்ல?”

“தப்புதாண்டா” என்றேன். நாங்கள் இருவரும் ஒரே அறையில் படுத்து எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் திருமணத்துக்கு முந்தைய இரவாக இருக்க வேண்டும். கீழே உணவகத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் நள்ளிரவு வரை ஓயவில்லை. தூங்காநகரம் என்ற பெயரைக் காப்பாற்றும் பொறுப்பை அந்தச் சமையற்கூடமே ஏற்றிருந்தது போலும். அம்மா மட்டும் நன்றாகத் தூங்கினார்கள்.

மறுநாள் விடியற்காலைத் தரிசனத்துக்கு அம்மா எழவில்லை, நாங்களும் எழுப்பவில்லை. என் திட்டத்தில் மிக முக்கியமாக இருந்த அம்சம் அதுதான்! எட்டு மணிக்கு எழுந்து, தம்பி வாங்கிவந்த காப்பியைக் குடித்துவிட்டு, “நான் ஒரு மாசம் திருநகர்ல இருந்துட்டு வரேனே” என்றார்கள். என்னைப் பார்த்துக் கேட்டார்களா, சுவரைப் பார்த்துச் சொன்னார்களா என்று தெரியவில்லை. தம்பி உடனே அம்மாவின் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். விடுதிக் கணக்கை முடித்தேன், அந்த முந்நூறு ரூபாய் கடைசி வரை கழியவில்லை. அம்மாவின் ரயில் சீட்டை ரத்து செய்தேன். கீழ்ப்படுக்கை, கஷ்டப்பட்டுக் கிடைத்தது. அன்றிரவு பாண்டியனில் நாங்கள் ஐந்து பேர் மட்டும் திரும்பினோம்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இரவு பத்தேகாலுக்குத் தம்பியிடமிருந்து அழைப்பு. அந்த நேரத்தில் மணி அடித்தால் எங்கள் வயதில் நெஞ்சு பதறத்தான் செய்கிறது. “ஒண்ணுமில்லண்ணே, அம்மா பேசணுமாம்” என்றான். அம்மாவின் குரல் தெளிவாக இருந்தது. “இன்னைக்குத் தீபாராதனையும் பார்த்துட்டேன்டா. முன்னாடியே கொண்டுபோய் நிறுத்திட்டான்.”

இவ்வளவு நேரத்துக்குப் பிறகு திருநகர் வரை போக வேண்டுமே என்று கவலையோடு கேட்டேன். தம்பி கைப்பேசியை வாங்கிக்கொண்டு, சற்று வெட்கத்தோடு சொன்னான்.

“இல்லண்ணே, அதே லாட்ஜ்லதான் இன்னைக்கு ரூம் போட்டிருக்கேன். 203 கிடைக்கல, 206 குடுத்தாங்க. இதுலயும் ஜன்னலைத் திறந்தா சுவருதான்.”